மறு கையும் மறுப்பும்

1

நான் தமிழ் எம்.ஏ. ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அப்படிப்பட்டவன் ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் வரலாற்றைப் பேச வருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தச் சொற்றொடரால் நான் ஒரு தவறு செய்தேன். அது இலக்கணத் தவறு மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உண்மை அறியும் குழு ஒன்றோடு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பொதுத் தொட்டியில் காலனிப் பெண்களைத் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை என்பது புகார். முதலில் அதிகாரி ஒருவரைப் பார்த்தோம். 'தடை கிடை ஒண்ணும் கிடையாது சார், யார் வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்' என்றார். பிறகு காலனிக்குப் போனோம். பெண்கள் இடுப்பில் குடத்தோடு வரப்பு வழியாக ஒரு மோட்டார் கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தொட்டிக்குப் போய் அடி வாங்கி வந்த ஓர் அக்கா, உடைந்த பிளாஸ்டிக் குடத்தை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்து எங்கள் முன்னால் வைத்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

அறிக்கை தமிழில் தயாரானது. ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். வேறு ஆள் இல்லாததால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அதிகாரி சொன்னதை ஒரு வாக்கியமாக எழுதினேன். அடுத்த வாக்கியத்தை 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்று தொடங்கிப் பெண்கள் நடக்கும் தூரத்தையும் உடைந்த குடத்தையும் எழுதினேன். நல்ல ஆங்கிலம் எழுதிவிட்ட திருப்தி.

குழுவிலிருந்த மூத்த வழக்கறிஞர் அந்த இடத்தில் சிவப்பு மசியால் சுழித்தார். 'தம்பி, இது எந்தக் கை?' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. 'ரெண்டு கையும் ஒரே ஆளுக்குத்தானே இருக்கு? அப்ப அவர் சொல்றதும் ஒரு கை, இந்தப் பொம்பளைங்க சொல்றதும் ஒரு கையா? ரெண்டும் நெசமா? அவர் சொன்னது பொய்னு நீ பார்த்துட்டு வந்திருக்க. பொய்னா இங்க வேற சொல்லு போடணும். ஆன் தி கான்ட்ரரி.'

சரி ஐயா, மாற்றிவிடுகிறேன் என்றேன். 'சும்மா மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு வாக்கியம் எழுதணும். இது உண்மை அல்லன்னு எழுதணும். அதை எழுதாம கான்ட்ரரி நிக்காது.'

அந்த ஒரு வாக்கியத்தை எழுத என் கை வரவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

2

வழக்கறிஞர் சொன்னது ஆங்கில உரைநடையின் அடிப்படை விதிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்களா என்று நினைவில்லை. இரண்டையும் 'ஆனால்' என்பதன் பெரிய வடிவங்களாக எண்ணி, எழுதும்போது எது வாயில் வருகிறதோ அதைப் போட்டுவிடுவதுதான் நம் வழக்கம்.

எளிய உதாரணம். அண்ணன் உயரம், நான் குட்டை. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். இங்கே வரவேண்டியது 'ஆன் தி அதர் ஹேண்ட்'. இங்கே 'ஆன் தி கான்ட்ரரி' போடுவது பிழை. நான் குட்டை என்பதால் அண்ணனின் உயரம் பொய்யாகிவிடாது. இன்னொன்று: அண்ணன் குட்டை என்று யாரோ சொல்கிறார்கள். அப்படி இல்லை, அவன் ஆறடி. இங்கேதான் 'கான்ட்ரரி'க்கு வேலை. முன்னால் சொல்லப்பட்டதை அது ரத்து செய்கிறது. 'கை' ரத்து செய்வதில்லை, பக்கத்தில் வைக்கிறது. முதலாவது எடைபோடுகிற சொல், இரண்டாவது மறுக்கிற சொல்.

தமிழில் இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. 'ஒருபுறம், மறுபுறம்' என்பது கையின் வேலையைச் செய்கிறது. 'மாறாக' என்பது பெரும்பாலும் 'அல்ல' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வருகிறது. 'இது இன்னது அல்ல, மாறாக இன்னது' என்கிற வாக்கியம் இல்லாமல் நம் சிறுபத்திரிகைக் கட்டுரை எதுவும் நகர்வதில்லை. என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து எண்ணிப் பார்த்தேன், பக்கத்துக்கு மூன்று. அதைப் பற்றிப் பிறகு.

'கை' என்ற உருவகத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கைகள் இருந்தால் நடுவில் ஓர் உடம்பு இருக்கிறது. இப்படியும் இருக்கிறது, அப்படியும் இருக்கிறது என்று சொல்பவர் அந்த உடம்பின் இடத்தில் நிற்கிறார். தமிழ்நாட்டில் இது வெறும் உருவகமாக இருந்ததில்லை. வலங்கை, இடங்கை என்று சாதிகள் பிரிந்து நின்ற சமூகம் இது. 1652இலும் 1707இலும் சென்னைப்பட்டணத்தில் இந்த இரு கைகளும் மோதிக்கொண்டதைக் கம்பெனியின் ஆங்கிலப் பதிவுகளில் காணலாம். 1707இல் ஊர்வலம் போகும் தெருக்களுக்காக எழுந்த சண்டையில், கவர்னர் தாமஸ் பிட் இரு தரப்புக்கும் தெரு பிரித்துக் கொடுக்க முனைந்தார். வலங்கைப் பக்கம் பறையர்களும் இடங்கைப் பக்கம் பள்ளர்களும் நின்றார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் இரண்டு கைகளுக்குமாகப் பங்கு வைக்கப்பட்டிருந்தார்கள், நடுவில் தராசு பிடித்த உடம்பு கோட்டைக்குள் இருந்தது. நடுநிலை என்பதற்கும் ஒரு முகவரி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3

இரண்டு பக்கமும் பேசுவது பழைய கலை. கிரேக்க மொழியில் 'மென்', 'தெ' என்று இரண்டு சிறு இடைச்சொற்கள் உண்டு. ஒரு வாக்கியத்தின் முதல் பாதியில் ஒன்றும் இரண்டாம் பாதியில் மற்றதும் வந்து எதிரெதிராக நிறுத்தும். இங்கிலாந்தின் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கிரேக்கம் படித்த பையன்கள் இந்த ஜோடியை 'ஒரு கையில், மறு கையில்' என்று ஆங்கிலப்படுத்தப் பழக்கப்பட்டார்கள். அப்படிப் படித்தவர்களில் பலர் நீதிபதிகளாகவும் பத்திரிகை ஆசிரியர்களாகவும் காலனி அதிகாரிகளாகவும் ஆனார்கள்.

கி.மு. 155இல் ஏதென்சிலிருந்து மூன்று தத்துவவாதிகள் ரோமுக்குத் தூது போனார்கள். அவர்களில் ஒருவர் கார்னியாடெஸ். அவர் ஒருநாள் நீதியை ஆதரித்துப் பேசினார், மறுநாள் அதை எதிர்த்துப் பேசினார் என்கிறது மரபு. இளைஞர்கள் மயங்கிப் போனார்கள். கிழவர் கேட்டோ, இவர்கள் வந்த காரியத்தைச் சீக்கிரம் முடித்து ஊருக்கு அனுப்புங்கள் என்று செனட்டை அவசரப்படுத்தினார். கேட்டோவின் பயத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இரு பக்கமும் பேசி முடித்தபின் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வி அந்த இரண்டு நாள் பேச்சுக்குப் பிறகும் அங்கேயே இருந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார் 158 கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் திருச்சபைப் பிதாக்களின் கூற்றுகளில் 'ஆம்' என்பவற்றையும் 'இல்லை' என்பவற்றையும் தொகுத்தார், தீர்ப்பு எழுதவில்லை. அடுத்த நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தன் பெருநூலில் இந்த முறைக்கு ஒரு கட்டுக்கோப்பு கொடுத்தார். முதலில் எதிர்வாதங்கள் வரிசையாக வரும். பிறகு ஒரு மறுப்பு வரும். பிறகு 'நான் பதில் சொல்கிறேன்' என்று ஆசிரியர் தன் முடிபைச் சொல்வார். கடைசியில் எதிர்வாதங்கள் ஒவ்வொன்றுக்கும் விடை. ஆங்கில டொமினிக்கன் துறவிகள் 1911இலிருந்து வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அந்த இரண்டாம் படிக்குக் கொடுத்த சொல் 'ஆன் தி கான்ட்ரரி'. அதற்கு அடுத்த படி தவறாமல் வந்தாக வேண்டும். நழுவ இடமில்லை.

நம் மரபிலும் இதே ஒழுங்கு இருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்தார். பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் பக்கத்துக்கு வருகிறார். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் ஒன்று, இருவர் மாறுபட்டுக் கூறினால் அவற்றில் ஒன்றைத் துணிந்து கொள்வது. எம்.ஏ. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது காலாவதியான சரக்கு என்று நினைத்தேன். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசை உவமையாக்கினார். அந்தத் தராசு பாரம் வைப்பதற்கு முன்னால் சமமாக நிற்கிறது. பாரம் வைத்த பிறகும் முள் அசையவில்லை என்றால் அது நடுநிலையான தராசு இல்லை, பழுதான தராசு.

இந்தப் பழைய முறைகளை ரொமாண்டிக்காகக் கொண்டாட நான் வரவில்லை. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்த சபைகள் அவை. அவற்றின் முடிபுகளை நாம் ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் இரு பக்கமும் சொன்னபின் முடிபு சொல்லும் கடமை அங்கே இருந்தது. நவீன காலத்தில் கழன்று விழுந்தது அந்தக் கடைசிப் படிதான். கழன்றது தானாக இல்லை என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன.

4

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் பிரிட்டனில் டால், ஹில் ஆகியோரின் ஆய்வும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரின் ஆய்வும் வெளியே கொண்டுவந்தன. சிகரெட் தாரை எலிகளின் தோலில் தடவிக் கட்டி உண்டாக்கிக் காட்டிய ஆய்வு 1953இன் இறுதியில் வெளியானது. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள், ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தின் உதவியோடு, 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. அது ஆய்வுகளைப் பொய் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நிரூபிக்க வேண்டி வந்திருக்கும். ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, இன்னும் ஆராய வேண்டும், நாங்களே பணம் தருகிறோம் என்றது. ஒரு கையில் எலிகள், மறு கையில் சந்தேகம். 1969இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் உள்சுற்றுக் குறிப்பு ஒன்று இதை வெளிப்படையாகவே சொன்னது: தாங்கள் உற்பத்தி செய்யும் பண்டம் சந்தேகம்தான் என்று. இந்தக் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மோசடி செய்தன என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது 2006இல். இடைப்பட்ட ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் செத்தவர்களுக்கு மறு கை இல்லை.

இரண்டாவது, அர்க்கன்சா. 1981இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளியில் பரிணாமக் கொள்கையைச் சொல்லிக்கொடுத்தால் 'படைப்பு விஞ்ஞான'த்துக்கும் சமநிலையான இடம் தர வேண்டும் என்பது சட்டம். 'சமநிலை' என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. யாருக்குத்தான் சமநிலை பிடிக்காது? 1982 ஜனவரி 5 அன்று நீதிபதி வில்லியம் ஓவர்டன் அதைச் செல்லாது என்று தள்ளினார். உலகில் இரண்டே விளக்கங்கள்தான் உண்டு, ஒன்றில் ஓட்டை இருந்தால் மற்றது தானாக நிரூபணமாகிவிடும் என்ற கட்டமைப்பே செயற்கையான இருமை என்று அவர் கண்டார். இருமை எதிர்வுகளைப் பற்றி நாம் பிரெஞ்சுக்காரர்களின் வழியாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். தெற்கு அமெரிக்க மாநிலம் ஒன்றில் ஒரு நீதிபதி, தத்துவப் பெயர் எதையும் உதிர்க்காமல், ஓர் இருமையைக் கட்டவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். லூசியானாவின் இதேபோன்ற சட்டத்தை 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மூன்றாவது, புவி வெப்பமடைதல். 2004இல் மாக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1988 முதல் 2002 வரை நான்கு பெரிய அமெரிக்க நாளிதழ்களில் வந்த செய்திகளில் 636ஐ எடுத்துப் படித்தார்கள். பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 53 விழுக்காடு, மனிதச் செயல்பாடு காரணம் என்பதற்கும் இயற்கையான ஏற்ற இறக்கம்தான் என்பதற்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்திருந்தன. விஞ்ஞானிகள் நடுவே அப்படிச் சமமான பிளவு இல்லை. செய்தியாளர்கள் பொய் எழுதவில்லை என்பதுதான் இதில் கொடுமை. இருவர் சொன்னதையும் ஒழுங்காக எழுதினார்கள். சமநிலையே சார்பாகிப் போனது. மறுப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்தால்தான் நடுநிலை என்று அர்த்தமில்லை என பி.பி.சி. தன் ஊழியர்களுக்குச் சொல்ல 2018 வரை ஆயிற்று.

மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். 'கான்ட்ரரி' வரவேண்டிய இடத்தில் 'அதர் ஹேண்ட்' வந்து உட்கார்ந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள் நம் ஊரில். விலாங்காவது தன் உயிருக்காக அப்படிச் செய்கிறது.

5

இதோடு நிறுத்திக்கொண்டால் வாசகர்கள் கைதட்டுவார்கள், நானும் நிம்மதியாக இருப்பேன். ஆனால் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அதை அதிகம் செய்பவர்கள் நாம்தான்.

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒருமுறை ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலை எடுத்துக்கொண்டோம். 1859இல் வந்த புத்தகம். எதிர்க்கருத்தை அடக்கக் கூடாது என்பதற்கு அதைவிட உறுதியான வாதம் ஆங்கிலத்தில் குறைவு. மோதுகிற இரண்டு கொள்கைகளில் ஒன்று முழுப் பொய், மற்றது முழு உண்மை என்று இருப்பதைவிட, உண்மை இரண்டிலும் பகிர்ந்து கிடப்பதே அதிகம் என்கிறார் மில். அதே மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர். இந்தச் சுதந்திரம் 'பின்தங்கிய' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலில் விலக்கி வைத்தவர்.

உடனே ஒரு தோழர் சொன்னார்: 'அப்ப மில் சுதந்திரவாதியே இல்ல. மாறாக, காலனியவாதி.' எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். இப்போது அந்த 'மாறாக' பிழை என்று படுகிறது. மில் சுதந்திரத்துக்காக வாதாடியதும் உண்மை, நம்மை அதிலிருந்து தள்ளி வைத்ததும் உண்மை. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை. அப்படி ரத்து செய்துவிட்டால் சிக்கல் எளிதாகத் தீர்ந்துவிடுகிறது: அவர் கெட்டவர், நாம் நல்லவர்கள். இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்தால்தான் சுதந்திரம் பேசுகிற ஒரு மனம் எப்படி ஒரு ஜனத்தொகையையே விலக்கி வைக்க முடிந்தது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி நம் இயக்கங்களின் பக்கமும் திரும்பும். வர்க்கத்தைப் பேசி சாதியை ஒத்திவைத்ததும், சாதியைப் பேசிப் பெண்ணை ஒத்திவைத்ததும் நமக்குத் தெரியாத கதைகளா? கூட்டத்தில் ஒரு பெண் தோழர் எழுந்து இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று சொன்னபோதெல்லாம், அதை மறுப்பாகக் கேட்டுப் பதிலுக்கு மறுத்திருக்கிறோம். அவர் சொன்னது மறு கை.

ஹாரி ட்ரூமன், 'ஒரு கையில் இப்படி, மறு கையில் அப்படி' என்று பேசும் பொருளாதார நிபுணர்களால் சலித்துப்போய், ஒற்றைக் கை நிபுணர் ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள். சிரிக்கலாம். ஆனால் ஒற்றைக் கையும் ஆபத்தானது. ஷோலம் அலைக்கம் இத்திஷ் மொழியில் எழுதிய கதைகளிலிருந்து 1964இல் ஓர் இசைநாடகம் வந்தது, 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. அதில் தெவ்யே என்ற ஏழைப் பால்காரன் எதையும் இரண்டு கைகளிலும் எடைபோட்டே பேசுவான். மூத்த மகள் தானே தேடிக்கொண்ட தையல்காரனையும், இரண்டாமவள் தேடிக்கொண்ட புரட்சிக்காரனையும் அப்படி எடைபோட்டுத்தான் ஏற்றுக்கொள்கிறான். மூன்றாவது மகள் வேறு மதத்தானை மணந்துகொண்டு வந்து நிற்கிறாள். அப்போது அவன் மறு கையே இல்லை என்று கத்திவிட்டு மகளை உதறுகிறான். அவனுக்கு அது கொள்கை உறுதி. வாசலில் நிற்கிற பெண்ணுக்கு? வேறு சாதியில் மணந்த மகள்களுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாட்டில், மறு கை இல்லை என்ற முழக்கத்தை எப்போதும் வீரம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆக, எந்தச் சொல் முற்போக்கு, எந்தச் சொல் பிற்போக்கு என்று பட்டியல் போட முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த வழக்கறிஞரின் கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது: ரெண்டும் நெசமா? நிஜமென்றால் இரண்டையும் பிடி, கை வலித்தாலும் பிடி. ஒன்று பொய்யென்றால் முதலில் பொய் என்று எழுது. இதற்கு இலக்கண அறிவு போதாது. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

6

அறிக்கையைத் திருத்தினேன். அதிகாரி சொன்னது அப்படியே நின்றது. அதற்கடுத்து, 'இது உண்மை அல்ல' என்ற வாக்கியம். அதற்கடுத்து, 'ஆன் தி கான்ட்ரரி' என்று தொடங்கி, வரப்பு, மோட்டார் கொட்டகை, குடம். வழக்கறிஞர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார். ஆணையத்திலிருந்து பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் வந்தது. தொட்டி விஷயம் இன்னும் முழுசாக முடியவில்லை.

அனுப்பும் முன்பு அந்தக் காலனிக்குப் போய் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். குடம் காட்டிய அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரியின் கூற்று வந்த இடத்தில் இடைமறித்தார்.

'அந்தாளு சொன்னதை எதுக்கு தம்பி எழுதியிருக்கீங்க?'

'அவர் சொன்னதை எழுதினாத்தானே அக்கா, இல்லைன்னு எழுத முடியும்.'

'எழுதியிருக்கா?'

அடுத்த வாக்கியத்தை வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

'சரி, மேல படிங்க' என்றார்.